நெகிழ்வட்டு இனியும் தேவையா?

ஒரு சாதனம் எப்பொழுது தோன்றியது என்று கேட்டால் விடை சொல்வது எளிது. தோற்றத்திற்கு ஆண்டு உண்டு, காப்புரிமைப் பத்திரம் உண்டு, விளம்பரமும் உண்டு. அது எப்பொழுது மறைந்தது என்ற வினாவுக்கு விடை காண்பதுதான் அரிது. கடைகளில் விற்பனை நின்று பல ஆண்டுகள் ஆன பின்னரும், அச்சாதனம் ஏதோ ஓர் அலுவலகத்தின் மூலையிலும், ஒரு விமானத்தின் கருவிப் பெட்டியிலும், ஒரு சட்டத்தின் வாசகத்திலும் உயிரோடு இருக்கும். கணிப்பொறி உலகில் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு, நாம் ஃப்ளாப்பி என்று வழங்கி வந்த நெகிழ்வட்டு ஆகும்.

இன்று விற்பனைக்கு வரும் கணிப்பொறிகளில் நெகிழ்வட்டு இயக்கி இருப்பதில்லை. இன்றைய பள்ளிப் பிள்ளைகளிற் பலர் அவ்வட்டைக் கண்ணாற் கண்டதும் இல்லை. ஆயினும், தாம் எழுதியதைச் சேமிப்பதற்காக அவர்கள் திரையில் தொடுகின்ற சிறு சின்னம், பல மென்பொருள்களில் இன்றும் அந்த வட்டின் உருவமே. பொருள் போயிற்று; உருவம் நின்றது. அங்ஙனமாயின், இக்காலக் கணிப்பொறிக்கு நெகிழ்வட்டு இயக்கி தேவையா என்ற கேள்விக்கு, "தேவையில்லை" என்று ஒரே சொல்லில் விடையிறுத்து அமைந்துவிடலாமா? அவ்வாறு அமைந்துவிடுதல் சரியாகாது என்று கருதுகிறேன். அதன் காரணத்தை அறிய வேண்டுமானால், அந்த வட்டு எதற்காகப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1960களில் ஐ.பி.எம். நிறுவனம் பெருங் கணிப்பொறிகளை ஆக்கி உலகெங்கும் வழங்கி வந்தது. யந்திரம் இயங்குவதற்கு வேண்டிய அடிப்படைக் கட்டளைகள், அந்நாளில் எளிதில் அழியாத உறுப்புகளிலே பதிக்கப்பட்டிருந்தன. 1970இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/370 என்னும் வரிசையில் இந்த ஏற்பாடு மாறத் தொடங்கியது. அக்கட்டளைகளைக் குறைகடத்தி நினைவகத்தில் வைக்கும் முறை வந்தது. அதனால் வேகமும் வசதியும் கூடின. ஆனால் ஒரு சங்கடமும் உடன் வந்தது. மின்சாரம் நின்றவுடன் அந்நினைவகம் வெறுமையாகிவிடும். காலையில் யந்திரத்தை முடுக்கும்போதெல்லாம், அது செய்ய வேண்டிய வேலையை மீண்டும் முதலிலிருந்து அதற்குக் கற்பிக்க வேண்டும். கட்டளைகளில் திருத்தம் நேர்ந்தால், அத்திருத்தத்தை ஊர் ஊராக உள்ள வாடிக்கையாளருக்குக் குறைந்த செலவில் அனுப்பவும் வழி வேண்டும்.

இந்த வேலைக்கு ஏற்ற மலிவான சாதனம் ஒன்றைக் காணும் பொறுப்பு, 1967இல் கலிபோர்னியாவின் சான் ஹோஸே நகரில் இருந்த ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்திற்கு வந்தது. அங்கே ஆலன் ஷுகார்ட் என்பவரின் மேற்பார்வையில் டேவிட் நோபிள் என்ற பொறியாளர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஒலிநாடாவை ஒத்த காந்த நாடா, கிராமபோன் இசைத்தட்டை ஒத்த தட்டு என்று பல வழிகள் ஆராயப்பட்டன. முடிவில், எட்டு அங்குல விட்டமுடைய மெல்லிய பிளாஸ்டிக் வட்டு ஒன்றின்மேல் இரும்பு ஆக்சைடு பூசி, அதில் காந்த முறையால் செய்தியைப் பதிக்கலாம் என்று கண்டனர். கையில் பிடித்தால் வளையக் கூடியதாக இருந்தமையால் அதற்கு நெகிழ்வட்டு என்ற பொருளுடைய பெயர் அமைந்தது.

கண்டுபிடிப்பு அத்துடன் முடிந்துவிடவில்லை. திறந்த வட்டின்மேல் தூசு படிந்தது. படிக்கும்போது பிழைகள் நேர்ந்தன. ஆகவே வட்டை ஓர் உறைக்குள் நிரந்தரமாக அடைத்து, உறையின் உட்புறத்தில் மென்மையான துணி போன்ற பொருளை ஒட்டினார்கள். வட்டு சுழலுந்தோறும் அந்தத் துணி அதைத் துடைத்துக்கொண்டே இருக்கும். நெகிழ்வட்டை ஆய்வுக்கூடத்திலிருந்து அலுவலக மேசைக்குக் கொண்டு வந்தது இந்த எளிய உபாயமே எனலாம். 1971இல் அது வாடிக்கையாளரிடம் சென்றது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 80 கிலோபைட்டு. முதலில் வந்த அந்த இயக்கி வட்டைப் படிக்க மட்டுமே வல்லது, எழுத வல்லதன்று.

இச்சாதனம் வேலை செய்யும் விதத்தை இவ்விடத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுவது நலம். வட்டின் மேற்பரப்பு, ஒன்றனுள் ஒன்றாக அமைந்த வட்டப் பாதைகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பாதையும் பல துண்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். வட்டு சுழல, ஒரு சிறு காந்தமுனை முன்னும் பின்னும் நகர்ந்து வேண்டிய பாதையை அடைந்து, அங்குள்ள நுண்ணிய காந்த மாற்றங்களைப் படிக்கும். அல்லது புதிதாக எழுதும். கணிப்பொறியின் உள்ளே இருக்கும் வன்வட்டில் அந்த முனை பரப்பைத் தொடாமல் நூலிழையினும் குறைந்த இடைவெளியில் மிதக்கும். நெகிழ்வட்டிலோ முனை பரப்பைத் தொட்டே செல்லும். ஆதலால் நெகிழ்வட்டைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் அது சிறிதளவு தேய்கிறது. இந்தச் செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்; பின்னர் இதற்குப் பயன் உண்டு.

1973இல் ஐ.பி.எம். வெளியிட்ட 3740 என்னும் அமைப்பில், நெகிழ்வட்டு எழுதவும் கற்றுக்கொண்டது. அதுவரை அலுவலகங்களில் கணக்கு விவரங்களைத் துளையட்டைகளில் பதிந்து வந்தார்கள். ஓர் அட்டைக்கு 80 எழுத்துகளே இடம். புதிய வட்டு ஒன்றிலோ 128 எழுத்துகள் கொண்ட பதிவுகள் சுமார் 1,900 அடங்கின. அட்டைக் கட்டுகளைச் சுமந்து திரிந்தவர்களுக்கு இது எத்தகைய விடுதலையாக இருந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஷுகார்ட் 1969இலேயே ஐ.பி.எம்.மை விட்டு நீங்கியிருந்தார். 1973இல் தம் பெயரால் அவர் தொடங்கிய நிறுவனம், 1976இல் ஐந்தேகால் அங்குல வட்டுக்குரிய சிற்றியக்கியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெரு நிறுவனத்தின் பொருளாக இருந்த நெகிழ்வட்டு தனி மனிதனின் பொருளாக மாறிய கட்டம் இதுவே. 1978இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் வாஸ்னியாக் தம் கணிப்பொறிக்கென ஒரு வட்டு இயக்கியை மிகச் சிக்கனமான உறுப்புகளைக் கொண்டு வடிவமைத்தார். 1979இல் விசிகால்க் என்னும் கணக்கேட்டு மென்பொருள் வட்டில் பதிந்து விற்கப்பட்டது. புத்தகம் அச்சடித்து விற்பதைப் போல மென்பொருளையும் படியெடுத்து உறையிலிட்டு விற்கலாம் என்ற வாணிகம் வேரூன்றியதற்கு நெகிழ்வட்டு பெருந்துணை செய்தது.

1981இல் ஐ.பி.எம். தன் சொந்தக் கணிப்பொறியை வெளியிட்டபோது, அதில் வன்வட்டு இல்லை. நெகிழ்வட்டு இயக்கிகளே இருந்தன. முதல் இயக்கிக்கு ஏ என்றும் இரண்டாவதற்கு பி என்றும் பெயர். பின்னர் வன்வட்டு வந்தபோது அதற்கு எஞ்சியது சி என்ற எழுத்து. விண்டோஸ் கணிப்பொறியில் முதன்மை வட்டு இன்றும் சி என்றே வழங்குகிறது. வீட்டின் மூத்த பிள்ளைகள் இருவரும் மறைந்த பிறகும், மூன்றாவது பிள்ளையை மூன்றாமவன் என்றே அழைப்பது போன்றது இது.

அதே காலத்தில் ஜப்பானில் சோனி நிறுவனம் மூன்றரை அங்குல வட்டை உருவாக்கியது. கெட்டியான பிளாஸ்டிக் கூடும், தானே திறந்து மூடும் உலோகத் தகடும் அதற்குக் காவலாயின. சட்டைப் பையில் அடங்கும் அந்த வட்டை 1984இல் ஆப்பிளின் மக்கின்டோஷ் ஏற்றது, 1987இல் ஐ.பி.எம்.மும் ஏற்றது. இரு பக்கங்கள், பக்கத்திற்கு 80 பாதைகள், பாதைக்கு 18 துண்டங்கள், துண்டத்திற்கு 512 பைட்டுகள் என்று பெருக்கினால் 14,74,560 பைட்டுகள் வரும். இதுவே உலகம் முழுவதும் 1.44 மெகாபைட்டு என்று பெயர் பெற்ற வட்டு. இவ்வுரையைப் போன்ற தமிழ் உரைகள் இருபதுக்கு மேல் அதில் அடங்கும். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் பெரும்பாலும் அதில் அடங்காது. அதன் வாழ்வும் வீழ்வும் இந்த ஓர் ஒப்பீட்டிலேயே விளங்கும்.

நம் நாட்டில் 1984இல் புதிய கணிப்பொறிக் கொள்கை அறிவிக்கப்பட்டு, இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. அதன் பின்னர் வங்கிகளிலும் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் சிறு கணிப்பொறிகள் பெருகின. வலைப்பின்னல் அரிதாக இருந்த அந்நாளில், ஒரு யந்திரத்திலிருந்து மற்றொரு யந்திரத்திற்குச் செய்தி செல்ல வேண்டுமானால், அதை வட்டில் பதிந்து ஒருவர் நடந்து சென்று கொடுக்க வேண்டியிருந்தது.

மனிதர் கூடிப் பழகும் இடத்தில் நோயும் பரவும். வட்டுகளின் உலகிலும் அது நேர்ந்தது. 1982இல் அமெரிக்கப் பள்ளி மாணவர் ரிச் ஸ்கிரெண்டா விளையாட்டாக எழுதிய எல்க் குளோனர் என்ற நிரல் ஆப்பிள் வட்டுகள் வழியே பரவியது. 1986இல் லாகூரில் மென்பொருள் வாணிகம் செய்த சகோதரர் இருவர் எழுதிய பிரெயின் என்ற நிரல், ஐ.பி.எம். வகைக் கணிப்பொறிகளின் முதல் தொற்றாக எண்ணப்படுகிறது. வட்டின் முதல் துண்டத்தில் ஒளிந்திருந்து, கணிப்பொறி அவ்வட்டிலிருந்து தொடங்கும் நேரத்தில் அது உட்புகுந்தது. வட்டைக் கையில் எடுத்துச் சென்ற மனிதரே, தாம் அறியாமல் அந்நோயையும் எடுத்துச் சென்றார்.

இனி வீழ்ச்சியைப் பார்ப்போம். வட்டு மாறவில்லை, மென்பொருள் பருத்தது. 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95ஐ நெகிழ்வட்டில் வாங்கியவர் 13 வட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக இட்டு நிறுவ வேண்டியிருந்தது. ஒரு குறுந்தகடோ நானூறுக்கு மேற்பட்ட வட்டுகளின் கொள்ளளவை உடையது. 1998இல் ஆப்பிள் நிறுவனம் ஐமேக் என்ற கணிப்பொறியை நெகிழ்வட்டு இயக்கி இல்லாமலே வெளியிட்டது. அன்று பலர் அதைத் துணிச்சல் என்றனர், சிலர் மடமை என்றனர். 2000ஆம் ஆண்டளவில் யூ.எஸ்.பி. விரல்நினைவகம் விற்பனைக்கு வந்தது. தொடக்கத்தில் அதன் அளவு 8 மெகாபைட்டே எனினும், ஐந்து வட்டுகளை அது ஒருங்கே விழுங்கியது. 2003இல் டெல் நிறுவனம் தன் சில வகைக் கணிப்பொறிகளில் நெகிழ்வட்டு இயக்கியை வழக்கமாகப் பொருத்துவதை நிறுத்தியது. மூன்றரை அங்குல வட்டை ஈன்ற சோனியே, ஜப்பானில் அதன் விற்பனையை 2011 மார்ச்சு மாதத்துடன் முடித்துக்கொள்வதாக 2010இல் அறிவித்தது.

வரலாறு இங்கே முடிந்துவிட்டது என்று எண்ணத் தோன்றும். ஆனால் அதன் பின்னர் நடந்தவையே நம் சிந்தனைக்கு உரியவை.

2016இல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்நாட்டின் அணு ஆயுதப் படைகளை ஒருங்கிணைக்கும் செய்தி அமைப்பு, 1970களைச் சேர்ந்த ஐ.பி.எம். யந்திரத்தில் எட்டு அங்குல நெகிழ்வட்டுகளைக் கொண்டு இயங்குவதாக அதில் கூறப்பட்டிருந்தது. 2019இல்தான் அவ்வட்டுகள் நீக்கப்பட்டு வேறு வகை நினைவகம் வைக்கப்பட்டது. சான் பிரான்சிஸ்கோ நகரில் நிலத்தடி ரயில்களைத் தானே இயக்கும் கட்டுப்பாட்டு அமைப்பு 1998இல் நிறுவப்பட்டது. ஆப்பிள் நெகிழ்வட்டைக் கைவிட்ட அதே ஆண்டு. அந்த அமைப்பு ஐந்தேகால் அங்குல வட்டுகளிலிருந்து காலைதோறும் தன் மென்பொருளைப் பெற்றுக்கொள்ளும் வகையினது. அதை மாற்றுவதற்கான ஒப்பந்தம், 21 கோடியே 20 லட்சம் டாலர் மதிப்பில் 2024இல்தான் அங்கீகாரம் பெற்றது. அதுவும் ஓரிரு ஆண்டுகளில் முடிந்துவிடும் பணியன்று.

போயிங் 747-400 வகை விமானம் ஒன்றில், வழிகாட்டும் விவரத் தொகுப்பு மூன்றரை அங்குல வட்டுகளால் 28 நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதை 2020இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் உலகுக்குக் காட்டினர். 2025இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், தன் கட்டுப்பாட்டு நிலையங்களிலிருந்து நெகிழ்வட்டுகளை அகற்றும் திட்டத்தை அறிவித்தது.

ஜப்பானின் கதை வேறு விதமானது. அங்கே யந்திரத்தைக் காட்டிலும் சட்டமே வட்டைப் பற்றிக்கொண்டிருந்தது. விண்ணப்பங்களை நெகிழ்வட்டு, குறுந்தகடு போன்றவற்றில் தர வேண்டும் என்று கூறும் விதிகள் ஏறத்தாழ 1,900 இருப்பதாக 2022இல் அந்நாட்டு டிஜிட்டல் துறை அமைச்சர் டாரோ கோனோ சுட்டிக்காட்டி, அவற்றின்மீது போர் தொடுப்பதாகவே அறிவித்தார். 2024 ஜூன் மாதத்திற்குள், நெகிழ்வட்டைக் கோரிய 1,034 விதிகள் நீக்கப்பட்டன. அதற்குச் சற்று முன்னர், 2022இல், யமகுச்சி மாவட்டத்தின் ஆபு என்னும் சிற்றூரில், 463 குடும்பங்களுக்குப் பகிர்ந்து தர வேண்டிய 4 கோடியே 63 லட்சம் யென் ஒரே மனிதரின் கணக்குக்குச் சென்றுவிட்டது. ஊராட்சி அலுவலகம் வங்கிக்குக் கொடுத்தது நெகிழ்வட்டு என்ற செய்தி பரவி, பலரும் வட்டையே பழித்தனர். உண்மையில் வட்டில் இருந்த பட்டியல் சரியானதே. அதனுடன் தவறாகக் கொடுக்கப்பட்ட ஒரு காகிதமே பிழைக்குக் காரணம். பழைய சாதனம் அருகில் நின்றால் பழி அதன்மேல் விழுவது உலக இயல்பு.

நம் நாட்டுச் சட்டங்களிலும் இவ்வட்டுக்கு இடம் கிடைத்தது. 1891ஆம் ஆண்டின் வங்கிக் கணக்கேடுகள் சாட்சியச் சட்டம், பேரேட்டையும் மைக்கூட்டையும் மட்டுமே அறிந்த காலத்தது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதைத் திருத்தி, ஃப்ளாப்பி, வட்டு, நாடா ஆகியவற்றில் உள்ள விவரங்களின் அச்சுப்படியும் கணக்கேடே என்று சேர்த்தது. 2001இல் வருமான வரிச் சட்டத்தின் கணக்கேடு பற்றிய இலக்கணத்திலும் ஃப்ளாப்பி நுழைந்தது. 2022இல் அவ்விலக்கணம் மீண்டும் திருத்தப்பட்டபோதும் அச்சொல் நீங்கவில்லை. சட்டத்தில் ஒரு பொருளின் பெயர் நிற்பதால் தீங்கு ஒன்றுமில்லை எனலாம். மாறாக, 2001ஆம் ஆண்டில் ஒரு வணிகர் வட்டில் வைத்த கணக்கு, இன்று வழக்கில் சாட்சியாக வேண்டுமானால், அச்சொல் அங்கே நிற்பதே நியாயம்.

இத்தனை இடங்களில் நெகிழ்வட்டு நீடித்ததற்குக் காரணம் என்ன? சோம்பல் என்று சொல்லி முடிப்பது எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது. விமானமும் ரயிலும் போன்றவை, ஒவ்வோர் உறுப்பும் பன்முறை சோதிக்கப்பட்டுச் சான்று பெற்ற பின்னரே இயங்குபவை. ஓர் உறுப்பை மாற்றினால் அதனோடு தொடர்புடைய அனைத்தையும் மீண்டும் சோதிக்க வேண்டும். விமானம் முப்பது ஆண்டு பறக்கும். கணிப்பொறி உறுப்பின் வாழ்நாளோ அதில் ஒரு சிறு பங்கு. இரண்டு வேறு காலக் கணக்குகள் ஒரே யந்திரத்தில் சந்திக்கும்போது, குறுகிய ஆயுளுடையது நீண்ட ஆயுளுடையதன் உள்ளே சிறைப்பட்டுப் போகிறது. வலையோடு தொடர்பில்லாத பழைய அமைப்பில் வெளியார் எளிதில் புக முடியாது என்ற நன்மையும் உண்டு.

ஆயினும் இந்த நன்மைக்கு ஒரு விலை உண்டு. வட்டு செய்வோர் இல்லை. இயக்கி பழுதானால் உதிரி உறுப்பு இல்லை. பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுச் செல்கிறார்கள். 2019இல் லினக்ஸ் இயங்குதளத்தை நடத்தும் லினஸ் டோர்வால்ட்ஸ், அதன் நெகிழ்வட்டுப் பகுதியைப் பராமரிப்பார் அற்றது என்று குறித்தார். சோதித்துப் பார்க்க நல்ல நிலையில் உள்ள இயக்கி கிடைப்பதே அரிதாகிவிட்டது என்பது காரணம்.

இன்னும் ஒரு நிகழ்ச்சி, கண்ணுக்குத் தெரியாத பழமை எத்தகைய இடர் தரும் என்பதை உணர்த்துகிறது. ஒரு பெரிய கணிப்பொறிக்குள், மென்பொருளால் ஆன பல மாயக் கணிப்பொறிகளை இயக்கும் முறை இன்று உலகெங்கும் உள்ளது. வங்கிகளின் விவரங்களும் அரசுகளின் விவரங்களும் அத்தகைய யந்திரங்களில் இருக்கின்றன. பழைய மென்பொருளுக்கு வசதியாக, அந்த மாயக் கணிப்பொறிகளுக்கு மாய நெகிழ்வட்டு இயக்கி ஒன்றையும் வைத்திருந்தார்கள். அதன் நிரலில் 2004ஆம் ஆண்டு முதல் ஒரு குறை ஒளிந்திருந்தது. 2015இல் அது கண்டறியப்பட்டு, வெனம் என்று பெயரிடப்பட்டது. அக்குறையின் வழியே ஒரு வாடிக்கையாளரின் மாயக் கணிப்பொறியிலிருந்து தப்பி, அதைத் தாங்கும் பெரிய யந்திரத்திற்குள் புக இயலும் என்று கண்டார்கள். நெகிழ்வட்டு இயக்கி வேண்டாம் என்று நிர்வாகி அணைத்து வைத்திருந்தாலும், சில அமைப்புகளில் அந்த நிரல் உள்ளே விழித்தே இருந்தது. ஒருவரும் பயன்படுத்தாத கதவு, பூட்டப்படாமலே பதினோராண்டு கிடந்தது. தேவையில்லை என்று தீர்மானித்த பொருளை உண்மையிலேயே அகற்றினோமா என்று பார்ப்பதும் கடமை என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

ஆகவே நம் கேள்வி இரண்டாகப் பிரிகிறது. புதிய கணிப்பொறி இயங்குவதற்கு நெகிழ்வட்டு இயக்கி தேவையா? தேவையே இல்லை. நெகிழ்வட்டில் உள்ளவை நமக்குத் தேவையா? இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் இன்னும் விடை சொல்லப்படவில்லை. அதற்கு விடை சொல்லும் காலமும் குறுகி வருகிறது.

1989இல் வெளிவந்து புகழ்பெற்ற பிரின்ஸ் ஆஃப் பெர்சியா என்ற கணிப்பொறி விளையாட்டின் மூல நிரல் தொலைந்துபோயிற்று என்றே அதன் ஆசிரியர் ஜோர்டன் மெக்னர் எண்ணியிருந்தார். 2012இல் ஒரு பெட்டியிலிருந்து அது அடங்கிய வட்டுகள் கிடைத்தன. வல்லுநர் துணையால் முழுவதும் மீட்கப்பட்டது. ஓவியர் ஆண்டி வார்ஹால் 1985இல் அமிகா கணிப்பொறியில் வரைந்த படங்கள் சில, அவர் பெயரால் அமைந்த காட்சியகத்தின் வட்டுகளில் உறங்கிக் கிடந்தன. அவற்றை மீட்ட செய்தி 2014இல் வெளியாயிற்று. இவர்கள் பேறு பெற்றவர்கள். காந்தப் பூச்சு நாளடைவில் வலுவிழக்கும். ஈரக் காற்றுள்ள ஊர்களில் வட்டின்மேல் பூஞ்சை படரும். வட்டு ஒரு முறை உரிந்துவிட்டால், அதில் இருந்ததை மீண்டும் ஒட்டுவார் இல்லை.

தமிழ் எழுத்தைப் பொறுத்தவரை இதில் மற்றொரு முடிச்சும் உண்டு. 1980களிலும் 1990களிலும் தமிழைக் கணிப்பொறியில் எழுதியவர்கள், ஆளுக்கொரு எழுத்துருவைக் கையாண்டனர். ஒரு மென்பொருளில் "க" என்பதைக் குறித்த எண், மற்றொன்றில் வேறோர் எழுத்தைக் குறித்தது. யூனிகோடு என்னும் பொதுக் குறியீட்டில் 1991இலேயே தமிழ் இடம் பெற்றது எனினும், அது நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் சென்றன. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டிற்கும் தரம் வகுத்தது. அதற்கு முன் எழுதப்பட்ட வட்டு ஒன்று இன்று முழுமையாகப் படிக்கப்பட்டாலும், அக்கால எழுத்துரு இன்னதென்று தெரியாவிடில், திரையில் தோன்றுவது பொருளற்ற குறிகளே. வட்டு பிழைத்தும் தமிழ் பிழைக்காத நிலை அது.

தமிழகத்திற்கு வெளியே வாழும் நமக்கு இது அயலார் கதை அன்று. வேற்று மாநிலங்களில் தமிழர் கூடி நடத்திய சங்கங்களின் ஆண்டு மலர்கள், உறுப்பினர் பட்டியல்கள், நாடகப் பிரதிகள், குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்க ஆக்கிய பாடங்கள் ஆகியவற்றில் அக்காலத்தில் கணிப்பொறியில் கோத்தவை வட்டுகளிலேயே இருந்தன. மலரின் அச்சுப்படி நூலகங்களுக்குச் சென்றிருக்கலாம், செல்லாமலும் இருக்கலாம். வீடு மாறும்போதும் ஊர் மாறும்போதும், "இதை இனி எந்த யந்திரம் படிக்கும்?" என்று சொல்லி முதலில் எறியப்படுவது வட்டுப் பெட்டியே. எறிவதற்கு முன் ஒரு முறை பார்ப்பது நலம்.

பார்ப்பது எப்படி என்பதையும் சொல்லி விடுகிறேன். மூன்றரை அங்குல வட்டைப் படிக்க, யூ.எஸ்.பி. வழியாக இணைக்கும் வெளி இயக்கிகள் இன்றும் கிடைக்கின்றன. வட்டை இடுவதற்கு முன், அதன் மூலையில் உள்ள சிறு தாழ்ப்பாளை நகர்த்தித் துளையைத் திறந்து வைக்க வேண்டும். அப்பொழுது கணிப்பொறி தவறியும் அதன்மேல் எழுதாது. உலோகத் தகட்டை மெல்ல நகர்த்தி, பூஞ்சை தெரிகிறதா என்று நோக்க வேண்டும். தெரிந்தால் இயக்கியில் இடாமல் வல்லுநரிடம் கொடுத்துவிட வேண்டும். காந்தமுனை தொட்டுச் செல்வதால் வட்டு தேயும் என்று முன்னர்ச் சொன்னேன். ஆகையால், பன்முறை இட்டு இட்டுப் பார்க்காமல், முதல் முறையிலேயே வட்டு முழுவதையும் ஒரே கோப்பாகப் படியெடுத்துக்கொண்டு, பின்னர் அப்படியிலேயே ஆராய வேண்டும். ஐந்தேகால் அங்குல வட்டுகளுக்கு இந்த எளிய வழி இல்லை. பழைய இயக்கியும் அதற்கேற்ற இணைப்புக் கருவியும் உடையவர்களை நாட வேண்டும். கிடைத்த தமிழ் உரையை யூனிகோடுக்கு மாற்றி, ஒன்றுக்கு இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். எந்த மென்பொருள், எந்த எழுத்துரு என்ற குறிப்பு வட்டின் மேலொட்டில் இருந்தால் அதையும் எழுதி வைக்க வேண்டும். சில வேளைகளில் அந்த ஒரு வரியே திறவுகோலாகும்.

இவ்வாறு படியெடுத்ததை வைக்கும் விரல்நினைவகமும் என்றோ ஒரு நாள் இதே நிலையை அடையும். அதைச் செருகும் துளை இல்லாத கணிப்பொறிகள் இப்பொழுதே சந்தைக்கு வந்திருக்கின்றன. எனவே படியெடுத்தல் என்பது ஒரு நாள் செய்து முடிக்கும் காரியம் அன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்து வரவேண்டிய கடமை. ஏட்டுச் சுவடிகளை நம் முன்னோர் காப்பாற்றிய முறையும் இதுவே. பனையோலை பழுதுறும் முன் அதைப் புதிய ஓலையில் எழுதினார்கள். எழுதுவார் இல்லாத குடும்பங்களில் சுவடி செல்லரித்தது.

நெகிழ்வட்டு இயக்கிக்கு இக்காலக் கணிப்பொறியில் இடம் தேவையில்லை. அது தன் பணியை நாற்பது ஆண்டு செவ்வனே செய்து ஓய்ந்தது. ஆனால் அதனிடம் நாம் ஒப்படைத்தவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்ட பின்னரே விடை கொடுப்பது முறை. அதற்கான இயக்கிகள் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றைக் கையாளத் தெரிந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வட்டுப் பெட்டி வைத்திருப்பவர்கள் இந்த வாய்ப்பு உள்ள போதே அதைத் திறந்து பார்ப்பார்களாக.